மருந்து அடிக்கும் நாள்: கடை முதல் காலி டப்பா வரை

மருந்து அடிக்கக் கிளம்பும் ஆளைக் கவனித்துப் பாருங்கள். லுங்கியை மடித்துக் கட்டுவார். துண்டை வாய்க்கால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டுவார். அப்புறம் வெறுங்கையால் டப்பாவைத் திறந்து, மூடியில் அளந்து ஊற்றி, கைக்குக் கிடைத்த குச்சியால் ஒரு கலக்குக் கலக்கி, டேங்கை முதுகில் ஏற்றிக்கொள்வார். மூக்குக்குக் காவல் போட்டாயிற்று என்ற நிம்மதி அவருக்கு.

நானும் பல வருடம் அப்படித்தான் அடித்தேன். ஓர் ஐப்பசியில் பருத்திக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருந்ததால் குனியும்போதெல்லாம் முதுகில் சொட்டியது. வெயிலுக்கு அது குளுமையாக இருந்தது என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டு டேங்க் முடித்து வீடு திரும்பியபோது தலை கிறுகிறுத்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து மோர் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் எழுந்துவிட்டேன். எழுந்தது என் சாமர்த்தியம் அல்ல.

அன்று துண்டு மூக்கில்தான் இருந்தது. விஷம் முதுகு வழியாக வந்தது. மருந்து தெளிப்பவர் உடம்பில் சேரும் விஷத்தில் பெரும்பங்கு தோல் வழியாகவே சேர்கிறது. கீழே சொல்லியிருப்பவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவைதான்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் படுத்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் காடுகளிலும் உயிர்கள் போயின. வேலை செய்யும்போதே விஷம் ஏறியது. யவத்மாளில் அந்த ஆண்டு செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. நாசிலை மேல்நோக்கிப் பிடித்துத்தான் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தது முழுக்க முகத்திலும் மார்பிலும் இறங்கியது. சட்டை வியர்வையில் ஏற்கெனவே நனைந்திருந்தது.

படி 1: டப்பாவுக்கு முன்னால் வயல்

மருந்து வாங்கக் கிளம்பும் முன் வயலுக்குள் இறங்கி எண்ணிப் பாருங்கள். பக்கத்து வயல்காரர் அடிக்கிறார் என்பதற்காக அடிப்பதுதான் நம்மிடம் அதிகம். "அவர் அடித்தால் பூச்சியெல்லாம் நம் வயலுக்கு வந்துவிடுமே" என்ற பயம் வேறு.

எண்ணுவதற்குக் கணக்கு இருக்கிறது. பூச்சியால் ஆகும் நஷ்டம் மருந்துச் செலவைத் தாண்டும் அளவைப் பொருளாதாரச் சேதநிலை என்கிறார்கள். பருத்தியில் தத்துப்பூச்சிக்கு 50 இலைகளைத் திருப்பிப் பார்த்தால் 50 குஞ்சுகள் இருக்க வேண்டும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றில் நாளைக்கு 8 அந்துப்பூச்சிகள் வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழ வேண்டும். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல்கள், அல்லது 100க்கு 10 குருத்துகள் காய்ந்திருக்க வேண்டும். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்குத் தூருக்கு ஒன்று. வயலில் சிலந்திகள் இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். சிலந்தியைக் கணக்கில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அதுவும் உங்கள் வயலில் கூலி வாங்காமல் வேலை செய்கிற ஆள்தான்.

புகையான் விஷயத்தில் அவசரப்பட்டு அடிப்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்துகளையும் குயினால்பாஸையும் நெல்லுக்கு அடித்தால் சிலந்தியும் மற்ற நல்ல பூச்சிகளும் சாகும். தூரின் அடியில் ஒளிந்திருக்கும் புகையான் தப்பித்து, எதிரி இல்லாமல் முன்னைவிடப் பெருகும். இந்தோனேசியா இதை அனுபவித்துக் கற்றது. 1986இல் அந்த நாடு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்தது. நெல் உற்பத்தி அதனால் படுத்துவிடவில்லை.

சேதநிலையைத் தொடாத பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். ஏக்கருக்குப் பத்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அன்றைக்கே அடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

படி 2: கடையில் நிற்கும்போது

கடைக்காரரிடம் போய் "பருத்தியில் புழு, நல்லதாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். பூச்சியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் பாதித்த இலையையோ காயையோ ஒரு பையில் போட்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கிசான் அழைப்பு மையத்தையும் 1800 180 1551 என்ற எண்ணில் கேட்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

டப்பாவில் வைர வடிவில் ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், மண்டையோட்டுப் படமும் இருக்கும். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. ஒரே பூச்சிக்கு மஞ்சளும் பச்சையும் இருந்தால் பச்சையைக் கேளுங்கள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சோதனை எலிகளைக் கொல்ல எவ்வளவு தேவை என்பதை வைத்துப் போட்ட நிறம் அது. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு மஞ்சள் முக்கோணம்தான். ஆனால் ஒரு மடக்கு உள்ளே போனால் அதற்கு மாற்று மருந்து உலகத்தில் எங்கும் கிடையாது.

அடுத்து, பதிவு எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண். இவை தெளிவாக அச்சிடப்படாத டப்பாவை வாங்காதீர்கள். "இயற்கை டானிக்", "பயோ" என்று பெயர் போட்டுப் பதிவு எண் இல்லாமல் விற்பதை அதைவிடச் சந்தேகத்தோடு பாருங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. உங்களுக்கு ஏதாவது ஆனால் மருத்துவருக்கும் தெரியாது. பில் கட்டாயம். துண்டுச் சீட்டில் கூட்டிக் கொடுத்த தொகை பில் ஆகாது. போலி மருந்து என்று புகார் செய்யும் நாளில் தொகுதி எண் எழுதிய பில்தான் பேசும்.

தடை செய்யப்பட்டவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் ஆகியவை 2020 முடிவோடு நின்றன. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005லேயே ஆணை வந்தது. 36 சதவீதத் திரவத்துக்கு 2023இல் முழுத் தடை ஆணை பிறந்தது. பழைய இருப்பை "உங்களுக்காக எடுத்து வைத்தேன், அண்ணே" என்று யாராவது நீட்டினால் அந்த அன்பு உங்களுக்கு வேண்டாம்.

இனி, கடையில் நடக்கும் பெரிய கூத்துக்கு வருகிறேன். ஒரு டப்பா கேட்டுப் போனவர் நான்கோடு திரும்புவார். புழுவுக்கு ஒன்று, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, "பூ கொட்டாமல் இருக்க" ஒரு டானிக். நான்கையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்வார்கள். என் கருத்து இதில் கடுமையானது: நான்கு விஷம் கலந்த டேங்கை முதுகில் சுமப்பவருக்கு உடம்பு முடியாமல் போனால், எதற்கு வைத்தியம் பார்ப்பது என்று மருத்துவர் திகைத்து நிற்பார். லேபிளில் கலக்கலாம் என்று இருந்தாலொழியக் கலக்காதீர்கள்.

பெயர் மாறினால் மருந்து மாறிவிட்டதாகவும் எண்ண வேண்டாம். இமிடாகுளோபிரிட், தயோமீத்தாக்சாம், அசிட்டாமிபிரிட் மூன்றும் ஒரே குழு. மூன்றையும் மாற்றி மாற்றி அடித்துவிட்டு "எதற்கும் கேட்க மாட்டேன் என்கிறது" என்று புலம்பினால் பூச்சியின் மேல் தப்பில்லை. வேலை செய்யும் விதத்தைக் குறிக்கும் குழு எண் லேபிளில் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் வேளாண் அலுவலரிடம் "இது அதே குழுவா?" என்று கேளுங்கள்.

படி 3: சென்ட் கணக்கு

லேபிளில் அளவு ஹெக்டேருக்குப் போட்டிருக்கும். நம் கணக்கு ஏக்கரிலும் சென்ட்டிலும். ஒரு ஹெக்டேர் இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஹெக்டேருக்கு 1,000 மில்லி என்றால் ஏக்கருக்கு 400 மில்லி. தண்ணீர் ஹெக்டேருக்கு 500 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர்.

இனி டேங்க். 10 லிட்டர் டேங்க் என்றால் ஏக்கருக்கு 20 டேங்க். 400ஐ 20ஆல் வகுத்தால் டேங்குக்கு 20 மில்லி. 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் என்றால் பன்னிரண்டரை டேங்க். டேங்குக்கு 32 மில்லி. பழைய பழக்கத்தில் 16 லிட்டருக்கும் 20 மில்லி ஊற்றினால் மருந்து நீர்த்துப்போகும், பூச்சி பழகிக்கொள்ளும். "இன்னும் ஒரு மூடி" என்று கூட்டினால் பணமும் போகும், உடம்பும் போகும்.

மூடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வீட்டில் கிடந்த ஐந்து டப்பா மூடிகளைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஊசி போடும் சிரிஞ்சால் ஒருநாள் அளந்து பார்த்தேன். ஒன்றில் 8 மில்லி பிடித்தது, இன்னொன்றில் 25. "டேங்குக்கு இரண்டு மூடி" என்று கடைக்காரர் சொன்னது எந்த மூடியை? கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று வாங்கி, அதன் மேல் பெயின்டால் பெரிதாக விஷம் என்று எழுதி வையுங்கள்.

உங்கள் நடைக்கு எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்பதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வெறும் தண்ணீரை 10 லிட்டர் ஊற்றி, வழக்கமான வேகத்தில் அடித்துக்கொண்டே போங்கள். ஐந்து சென்ட்டில் டேங்க் காலியானால் ஏக்கருக்கு 200 லிட்டர், சரி. மூன்று சென்ட்டிலேயே தீர்ந்தால் நாசில் தேய்ந்திருக்கிறது, அல்லது மெதுவாக நடக்கிறீர்கள். எட்டு சென்ட் வந்தால் ஓடுகிறீர்கள். கூலிக்கு அடிப்பவர்களுக்கு டேங்க் கணக்கில் காசு கொடுக்கும் ஊர்களில் இந்த ஓட்டம் அதிகம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாள் கூலியாகப் பேசிக்கொள்ளுங்கள், நடை தானே நிதானப்படும்.

படி 4: என்ன உடுத்துவது

பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைத் தன்னார்வலர்களின் தோலில் தடவி அளந்து, 1971இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. முன்கையில் தடவியதில் 100க்கு 9 பங்குதான் உள்ளே போனது. நெற்றியில் 36 பங்கு, அக்குளில் 64. விதைப்பையில் தடவியது ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விட்டது. இதைப் படித்த பிறகு டேங்க் ஒழுகி முதுகிலிருந்து தொடையிடுக்குக்கு வடியும் ஈர லுங்கியை நினைத்துப் பாருங்கள். மருந்துக் கையோடு சிறுநீர் கழிக்க ஒதுங்குவதையும், முண்டாசுத் துண்டால் நெற்றியைத் துடைப்பதையும் நினைத்துப் பாருங்கள்.

படத்தில் வருவது போல் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பைப் புரட்டாசி வெயிலில் போட்டால் மருந்துக்கு முன் புழுக்கமே ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே முடிந்ததைச் சொல்கிறேன். லுங்கி வேண்டாம், கனமான பருத்திப் பேன்ட், முழுக்கைச் சட்டை. ரப்பர் பூட்ஸ், பேன்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் வடிவதெல்லாம் பூட்ஸுக்குள் சேரும். நைட்ரைல் கையுறை. தாழ்ந்த பயிருக்கு அடிக்கும்போது கையுறையின் மேல் சட்டைக் கை வரட்டும். உயர்ந்த செடிக்கு நாசிலை மேலே பிடிக்கும்போது கையுறை சட்டைக் கையின் மேல் ஏறட்டும், அப்போதுதான் கையில் வழிவது உள்ளே இறங்காது. தலைக்கு ஓரம் அகன்ற தொப்பி, முகத்துக்குக் கண்ணாடித் தகடு. முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே புது பிளாஸ்டிக் விரிப்பைக் கழுத்திலிருந்து முட்டிக்குப் பின்புறம் வரை தொங்கவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு நாள் கூலிகூட வராது; என்னை அன்று காப்பாற்றியிருக்கும்.

நனைத்த துண்டு? அது பஞ்சு மாதிரி மருந்தை உறிஞ்சி, மூக்குக்கும் உதட்டுக்கும் பக்கத்திலேயே வைத்திருக்கும். அதற்குக் கட்டாமலே இருக்கலாம். லேபிள் கேட்டால் அதற்குரிய வடிகட்டி வைத்த முகமூடியை வாங்குங்கள்.

படி 5: கலக்குவது

நாள் முழுக்கச் செய்யும் வேலையில் ஆபத்தான நிமிடங்கள் இவைதான். செடியில் விழுவது லிட்டருக்கு 2 மில்லி கலந்த தண்ணீர். டப்பாவில் இருப்பது அதைப் போல 500 மடங்கு அடர்த்தி. கையில் தெறிக்கும் ஒரு சொட்டு, டேங்க் தண்ணீரில் 500 சொட்டு தெறித்ததற்குச் சமம். அடிக்கும்போது இல்லாவிட்டாலும் கலக்கும்போது கையுறையும் முகத்தகடும் கட்டாயம்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் வரப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு சோப்பும் இருக்க வேண்டும். இது இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் மோட்டார் கொட்டகைவரை ஓட நேரம் இருக்காது. கலக்கும் இடம் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி இருக்கட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக் கூடாது. பல வீடுகளில் தண்ணீர் சுமந்து ஊற்றுவதும் கலக்கிக் கொடுப்பதும் பெண்கள்தான். அடிப்பவருக்குக் கையுறை வாங்கிவிட்டு, கலக்கிக் கொடுப்பவரை வெறுங்கையோடு விடும் வழக்கம் எந்த நியாயத்தில் சேர்த்தி?

டேங்கில் பாதித் தண்ணீர் ஊற்றுங்கள். மருந்தைத் தனி வாளியில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி வழியாக ஊற்றி, மீதித் தண்ணீரை நிரப்புங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசட்டும். டப்பாவை முகத்துக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் வைத்து ஊற்றுங்கள். நீண்ட கோலால் கலக்குங்கள்.

லேபிளே அனுமதித்து இரண்டைக் கலக்க வேண்டியிருந்தால் நனையும் தூள் முதலில், பிறகு கெட்டித் திரவம், அடுத்து பால்போலாகும் எண்ணெய் வகை, கடைசியில் தண்ணீரில் கரையும் திரவம். முன்னதாக ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிதளவு கலந்து அரைமணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, அடியில் களிபோல் தங்கினாலோ, தொட்டால் சுட்டாலோ அந்தக் கலவை வேண்டாம்.

டேங்கை முதுகில் ஏற்றும் முன் கவிழ்த்து ஆட்டிப் பாருங்கள். மூடியில் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். ஐந்து ரூபாய் வாஷர்.

படி 6: அடிப்பது

வெறும் வயிற்றில் அடிக்கப் போகாதீர்கள். காலை வெயில் ஏறும் முன் அல்லது மாலை நான்கு மணிக்கு மேல். தேனீ மொய்க்கும் பூப்பருவத்தில் மாலைதான் சரி. இலை அசையும் மெல்லிய காற்று நல்லது. கிளை ஆடினால் அன்றைக்கு வேண்டாம்.

காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடக்க வேண்டும். வயலின் காற்றடி ஓரத்தில், அதாவது காற்று போய்ச் சேரும் ஓரத்தில், ஆரம்பித்து ஒவ்வொரு சாலாகக் காற்று வரும் பக்கம் ஏறுங்கள். அப்படிச் செய்தால் அடித்த புகை உங்களை விட்டு விலகிப் போகும், நீங்கள் போகும் சால் எப்போதும் மருந்து விழாத சாலாக இருக்கும். அடித்த செடிகளுக்குள் நடக்கும்போதுதான் தொடையும் முட்டியும் நனைகின்றன. ஆள் உயரச் செடிக்கு முதுகு டேங்கோடு உள்ளே நுழையாதீர்கள். அடுத்த வருடம் இடைவெளி விட்டு நடுங்கள், நுனி கிள்ளுங்கள். இந்த வருடம் லான்ஸ் எனப்படும் தெளிப்புக் குழாயை நீளமாக வைத்து ஓரத்திலிருந்து எட்டும்வரை அடியுங்கள்.

நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதும் பழக்கம் இன்னும் போகவில்லை. பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றையும், கழுவிய மாற்று நாசில் ஒன்றையும் பையில் வைத்திருங்கள். பீடி, வெற்றிலை, தண்ணீர் எதுவும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான்.

களைக்கொல்லிக்குத் தனி டேங்க், விசிறி போல விழும் நாசில். நெல்லுக்கோ சோளத்துக்கோ 2,4-டி அடித்த டேங்கை ஒப்புக்குக் கழுவிவிட்டுப் பருத்திக்கு எடுத்துப் போனால், பத்து நாளில் பருத்தி இலை வெண்டை இலைபோலக் குறுகி விரல் விரலாகப் பிளக்கும். கடைக்காரர் அதற்கும் ஒரு டானிக் கொடுப்பார்.

படி 7: அடித்து முடித்த பின்

மீதி மருந்தை வாய்க்காலில் கொட்டாதீர்கள். அளவாகக் கலந்திருந்தால் மீறாது. மீந்தால் தண்ணீர் கலந்து அதே வயலிலேயே அடித்துவிடலாம். வரப்பில் சிவப்புத் துணி ஒன்றைக் கொடியாகக் கட்டுங்கள். மறுநாள் களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் வருகிற பெண்களுக்கு முன்தினம் அடித்தது தெரியாது. ஈர இலை அவர்கள் கையில்தான் உரசும். ஆடு மேய்ப்பவர்களுக்கும் அதுவே அறிவிப்பு.

கையுறையைக் கழற்றும் முன் கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே குளியல், தலைக்கும் சேர்த்து. வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்குவதெல்லாம் அதற்குப் பிறகு. மருந்தடித்த துணியைத் தனியாக, இரண்டுமுறை சோப்பில் அலசி வெயிலில் காயப் போட வேண்டும். துவைப்பவர் கையிலும் கையுறை இருக்கட்டும். இயன்றவரை அதை அடித்தவரே துவைக்கட்டும்.

அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது லேபிளில் இருக்கும். எழுத்து எறும்பு அளவில் இருப்பதால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். இன்று கத்தரிக்காய்க்கு அடித்து நாளைக் காலைச் சந்தைக்குப் பறிப்பவர், தன் வீட்டுக் குழம்புக்கு மட்டும் அடிக்காத வரிசையில் பறிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 8: காலி டப்பா, பூட்டிய பெட்டி

டப்பா காலியானதும் கால்வாசி தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை. ஆகவே கடைசி டேங்க் நிரப்பும்போதே கழுவ வேண்டும். பிறகு அடியில் ஆணியால் துளையிடுங்கள். எரிக்காதீர்கள், புகையும் விஷம்தான். திரும்பப் பெறும் ஏற்பாடு உங்கள் வட்டாரத்தில் இருந்தால் ஒப்படையுங்கள்.

துளையிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. துளையிட்ட டப்பாவில் யாரும் எண்ணெய் ஊற்றி வைக்க முடியாது.

மீதமுள்ள மருந்தை அதன் டப்பாவிலேயே வையுங்கள். தண்ணீர்ப் பாட்டிலிலும் குவார்ட்டர் பாட்டிலிலும் ஊற்றி வைப்பதைப் போன்ற கொலைபாதகம் இல்லை. இருட்டில் யார் கைக்கு எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இரும்புப் பெட்டி, பூட்டு, சாவி ஒருவரிடம். வீட்டில் மனம் உடைந்த ஆள் இருக்கும் நாளில் அந்தப் பூட்டு உயிரைக் காக்கும். கோபமும் துயரமும் உச்சத்தில் நிற்கும் நேரம் குறைவு, அந்த நேரத்தில் டப்பா எட்டாமல் இருப்பதே பெரிய காரியம். இலங்கை கடும் விஷங்களை 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்தபோது அங்கே தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன, விளைச்சல் விழவில்லை. மனச் சுமையைப் பேச 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

படி 9: உடம்புக்கு ஆகவில்லை என்றால்

தலைசுற்றல், வாந்தி, தலைவலி. இவை வெயிலாலும் வரும். ஆனால் எச்சில் வழிகிறது, மூக்கு ஒழுகுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கண் மங்குகிறது, வயிறு போகிறது, தசை துடிக்கிறது, மூச்சு இழுக்கிறது என்றால் பாஸ்பரஸ் வகை அல்லது கார்பமேட் வகை விஷமாக இருக்கலாம். கண்மணியைப் பாருங்கள், நிழலிலும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

நீங்கள் கையுறை அணிந்துகொண்டு அவரை வயலிலிருந்து வெளியே கொண்டு வாருங்கள். நனைந்த உடுப்பை முழுக்கக் கழற்றுங்கள்; கூச்சம் பார்க்கும் நேரம் அல்ல. சோப்பும் தண்ணீரும் கொண்டு தலைமுடி, அக்குள், தொடையிடுக்கு, நகக்கண் வரை கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்து, 15 நிமிடம் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். இதற்குள் ஒருவர் 108க்கு அழைத்திருக்க வேண்டும். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி மூச்சுக் குழாயில் இறங்கினால் விஷத்துக்கு முன் அதுவே கொன்றுவிடும். சில மருந்துகள் கொழுப்போடு சேர்ந்தால் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும்.

டப்பாவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். கலந்தடித்திருந்தால் எல்லா டப்பாக்களையும். "ஏதோ பூச்சி மருந்து" என்பது மருத்துவருக்கு உதவாது; அட்ரோபின் என்ற மாற்று மருந்தைப் போடுவதா, எவ்வளவு போடுவது என்பதெல்லாம் லேபிளைப் பார்த்தும் நோயாளியைப் பார்த்தும்தான். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தை மருத்துவரும் நீங்களும் 1800 116 117 என்ற எண்ணில் கேட்கலாம்.

இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார் என்பதற்காகக் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடாதீர்கள். பாஸ்பரஸ் வகை விஷத்தில் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்து தளர்ந்து தலையைத் தூக்க முடியாமல் போவதும், மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடுவதும் உண்டு. மருத்துவர் அனுப்பும்வரை அங்கேயே இருங்கள். வீடு திரும்பிய பிறகும் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி பழைய அளவுக்கு வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை சிறிதளவு மருந்து பட்டாலும் முன்னைவிட வேகமாகத் தாக்கும். அந்தப் பருவத்துக்கு டேங்கைத் தொடாதீர்கள். அடிக்க வேறு ஆள் வருவார். அவரிடம் கூலியோடு கையுறையையும் பூட்ஸையும் கொடுத்து, வரப்பில் அந்தக் குடத்தை நிரப்பி வையுங்கள்.